பட்டுச்சேலையில் கொழுந்து எடுத்த பாட்டு

பாட்டுக்கு வீடியோ எடுக்கிறவருக்குப் பாடத் தெரிய வேண்டியதில்லை, கெஞ்சத் தெரிந்தால் போதும். போன் வைத்திருப்பவரிடம், ஆட வருகிறவர்களிடம், பாட்டு நடக்கும்போது பார்த்துக் குரைக்கிற நாயிடம் என்று யாரையும் விடாமல் கெஞ்ச வேண்டும். நீங்களும் எப்போதாவது பாடசாலைக்காகப் படம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர் என்றால், இந்தக் கஷ்டம் உங்களுக்கு உடனே விளங்கும்.

எங்களுடையது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. உயர்தரம் படிக்கிற நாங்கள் மூன்று பேரும்தான் ஊடகக் கழகம். பாட்டை எழுதிப் பாடியவள் கீர்த்தனா. தன் அக்காவின் போனில் படம் பிடித்தவன் விதுஷன். இயக்குவது, எடிட் பண்ணுவது, எல்லோரையும் ஏசுவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

அதிபரின் நிபந்தனை

பாடசாலையைப் பற்றி ஒரு பாட்டு எடுத்துப் பரிசளிப்பு விழாவில் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் பாடசாலைக்குள் போன் கொண்டுவரத் தடை. நிரோஷா டீச்சர்தான் எங்களுக்காக அதிபரிடம் பேசினார். போன் டீச்சரிடம் இருக்கும், படம் பிடிக்கும்போது மட்டும் எங்கள் கைக்கு வரும் என்று உறுதி சொன்னார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தியும் வரலாம், கெட்ட செய்தியும் வரலாம்.

எங்களுக்கு இரண்டுமே கிடைத்தன. “எடுங்க. ஆனா பெத்தவங்க யாராவது ஒருத்தர் முறைப்பாடுன்னு என்கிட்ட வந்தா, அன்னைக்கே கழகத்த மூடிருவேன்.”

பனிக்குள் நடனம்

முதல் காட்சி மைதானத்தில். நல்ல வெயில், பின்னால் பச்சை மலை, முன்னால் தரம் எட்டுப் பிள்ளைகளின் நடனம் என்று அழகாகப் படம் வரைந்து வைத்திருந்தேன். காலையில் வெயிலும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, “ஸ்டார்ட்!” என்று நான் கத்தியதுதான் தாமதம், கீழே ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வந்து மைதானத்தை மூடிவிட்டது.

விதுஷன் போனை இறக்கவே இல்லை. பாட்டு முழுக்க ஓடியது. காலடிச் சத்தம் கேட்டது, ஆட்களைக் காணவில்லை. பாட்டு முடிந்த பிறகு பனி விலகியது. பிள்ளைகள் வியர்த்து வழிந்து நிற்கிறார்கள், முகமெல்லாம் சிரிப்பு. மறுபடியும் ஆட வேண்டும் என்று எப்படிச் சொல்வது எனத் தயங்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பிள்ளை முந்திக்கொண்டாள்: “பனிக்குள்ள நாங்க சூப்பரா ஆடினோம் அக்கா. ஒங்களுக்குத்தான் தெரியல.”

டயகம பஸ்

கீர்த்தனா ரோட்டோரமாக நடந்தபடி பாட வேண்டும். அவள் வாயசைப்பு சரியாக வந்தால் விதுஷன் கை ஆடும். விதுஷன் கை நின்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சரிவந்த நேரம் பார்த்து வளைவில் டயகமவுக்குப் போகிற பஸ் வந்தது. நாங்கள் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறோம். டிரைவர் பிரேக் போட்டார். ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள்.

அந்தத் தலைகளில் பாதி எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் அப்பா அம்மா. யாராவது ஒருவர் இறங்கி நேராக அதிபரிடம் போனால் கதை முடிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பஸ் பக்கம் ஓடினேன். கண்டக்டர் சிங்களவர். படியில் தொங்கியபடி தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். “நங்கி, பஸ் எகத் கன்ன” என்றார். தங்கச்சி, பஸ்ஸையும் எடுங்க என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து

எங்கள் தோட்டத்தில் மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. நான் மேக்கணக்கு. பாட்டின் நடுவில் அம்மாமார் கொழுந்து எடுக்கிற காட்சி வேண்டும் என்பதால், எங்கள் லயத்து வீடுகளில் இருக்கிற அம்மாமாரை ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வரச் சொன்னேன். தோட்டத்து ஆபீசில் டீச்சர் அனுமதி வாங்கியிருந்தார். இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச்சாக்கு, தலையில் துண்டு, முதுகில் கூடை என்று தினமும் வேலைக்குப் போகிற மாதிரியே வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அத்தனை பேரும் பட்டுச்சேலை! தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், கழுத்தில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற சங்கிலி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது மாதிரி வரிசையாக நின்று, “எங்கம்மா நிக்கணும்?” என்று கேட்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது கல்யாண வீடு இல்லை, கொழுந்துக் காட்சி என்று கத்தினேன். எல்லோருக்கும் முன்னால் பச்சைப் பட்டில் நின்றது என் சொந்த அம்மா. அவர் அமைதியாகக் கூடையை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டார். “தெனம் உடுத்துறத தெனம்தான் பாக்குறோமே. வீடியோவுலயும் அதையேதான் பாக்கணுமா?”

முதல் சத்தம்

அந்தக் காட்சியை எடிட் செய்தது டீச்சர் வீட்டு லெப்டொப்பில். அது ஒரு மாதிரியான லெப்டொப். வேகமாகத் தட்டினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்குச் சோற்றைப் பார்த்தாலும் அந்த மெட்டுத்தான் வந்தது. எடிட் பண்ணியவர்களுக்குத் தெரியும், இதற்கு மருந்தே கிடையாது.

மலையில் பதிவான சத்தத்தை எல்லாம் நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் வைப்பதாகத்தான் திட்டம். நீக்குவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டேன். கூடையில் முதல் கொழுந்து விழுகிறபோது “பொலி! பொலி!” என்று சொல்வது எங்கள் மலையில் வழக்கம், கொழுந்து பெருகட்டும் என்பதற்காக. நடிப்பு என்றாலும் அம்மாமார் அதை விடவில்லை. பட்டுச்சேலை சரசரக்க, அத்தனை குரலும் ஒன்றாக எழுந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. தன் வரியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சண்டைக்கு வருகிற கீர்த்தனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்: “அழிச்சிராத! நான் எழுதினதவிட இது நல்லாருக்கு. இத வச்சே பாட்ட ஆரம்பி.”

பரிசளிப்பு விழா

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் லெப்டொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் “பொலி! பொலி!” என்று எழுந்ததும், மண்டபத்திலிருந்த மேக்கணக்கு அம்மாமாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பிறகு பாட்டே கேட்கவில்லை. “அந்தா நம்ம ராணி!”, “அய்யோ, என் பூ சாஞ்சிருச்சே!” என்று ஒரே கூச்சல். திரையில் பஸ் கண்டக்டர் வந்தபோது விசில் பறந்தது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். அப்போதும் யாரும் பாட்டைக் கேட்கவில்லை. என் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

விளக்குப் போட்டார்கள். அப்போதுதான் நடுவரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். “சேர், ஒரு முறைப்பாடுங்க.” விதுஷன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவர் கீழ்க்கணக்கு ஆள், தரம் ஆறு படிக்கிற பிள்ளையின் அம்மா. “எங்க புள்ளைங்களும் இங்கதான படிக்குதுங்க? மேக்கணக்கு ஆளுங்க மட்டும் பட்டு கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எங்ககிட்ட என்ன, பட்டுச்சேலை இல்லைன்னா நெனச்சீங்க?” பின்னாலிருந்த கீழ்க்கணக்கு அம்மாமார் எல்லோரும் “அதானே!” என்றார்கள்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நான் லெப்டொப்பை மூடிவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தார். “முறைப்பாடு வந்தா மூடுறேன்னுதான் சொன்னேன். ஆனா மூடிட்டா, இந்த முறைப்பாட்ட யாரு தீர்க்கிறது? ஞாயித்துக்கெழம மூணு பேரும் கீழ்க்கணக்குக்குப் போங்க.”

பாட்டுக்கு வீடியோ எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஊரில் ஒருவரையும் விட்டுவிடாமல் எடுத்து முடிப்பதற்குள் எங்கள் உயர்தரம்தான் முடிந்துவிடும் போலிருக்கிறது.