மாசியிலிருந்து நகரம் வரை முழு கியாரு கோலத்தில்

கியாரு உடுப்போடு ஒக்லாந்தில் பஸ், ரயில் ஏறலாமா என்று இதுவரை மூன்று பேர் எனக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். ஏறலாம். எப்படி ஏறுவது, எங்கே இடறும் என்பதை, கடந்த மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் போய்வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கியாரு என்பது தொண்ணூறுகளில் ஜப்பானிய இளம்பெண்களிடம் பரவிய அலங்காரம். வெளுத்த தலைமயிர், இரண்டு அடுக்குப் பொய் இமைமயிர், நீண்ட நகம், குட்டைப் பாவாடை, தடித்த அடிப் பூட்ஸ். வெள்ளைத் தோலும் கறுத்த கூந்தலும் அடக்கமும்தான் அழகு என்று சொன்னவர்களுக்கு எதிராகச் சிலர் வேண்டுமென்றே வெயிலில் கிடந்து தோலைக் கறுப்பாக்கியும் கொண்டார்கள். அரைகுறையாகச் செய்தால் அது கியாரு இல்லை. கண்ணை மட்டும் செய்துவிட்டு ஜீன்ஸ் போட்டுப் போனால் கலியாண வீட்டிலிருந்து பாதியில் ஓடிவந்த ஆள் மாதிரித்தான் இருக்கும்.

எனக்கு இருபத்தொன்பது வயது. பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. ஒக்லாந்தின் மேற்குப் புறநகரான மாசியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். இரண்டு வருடமாக நான் கியாரு செய்கிறேன், ஆனால் அம்மாவுக்குத் தெரியாது. ஜீன்ஸில் வெளிக்கிட்டு, நகரத்தில் ஒரு கடைத்தொகுதியின் டொய்லெட்டில் மாற்றி, வரும்போது அங்கேயே கழுவிவிட்டு வருவேன். எங்கள் கியாரு குழுவில் ஐந்து பேர். இணையத்தில் எங்கள் பக்கத்தில் அவர்கள் போடும் படங்களில் என் முகத்தின்மேல் மஞ்சள் நிறச் சிரிப்புப் பொம்மை ஒன்று ஒட்டியிருக்கும். ஒட்டச் சொன்னது நான்தான். அம்மாவின் கோயில் சிநேகிதிகளுக்குப் படம் போய்ச் சேர எத்தனை நிமிடம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழுவின் தலைவி ரோஷ்னி. பிஜியிலிருந்து வந்த குடும்பம், பூட்டன் காலத்தில் தென்னிந்தியா. தமிழ் தெரியாது, அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன். என் கிடங்கிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஏப்ரலில் ஒருநாள் அவள் சொன்னாள்: "நீ இன்னும் விருந்தாளிதான். ஒருநாள் உன்ர வீட்டுக் கதவிலயிருந்து முழுசா வெளிக்கிட்டு வா, அப்பிடியே திரும்பிப் போ. பிறகு பொம்மை ஒட்டுறதா இல்லையா எண்டு நீயே சொல்லு." எனக்கு ரோசம் வந்துவிட்டது. சரி என்றேன்.

சும்மா சொல்லக்கூடாது, நான் கள்ளத்தனம் செய்துதான் நாளைத் தெரிந்தெடுத்தேன். அம்மா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறா. அந்த ஞாயிறு அவவுக்குக் காலை முறை வேலை. ஆறரைக்கு அவவின் கார் போனதும் ஆறே முக்காலுக்குக் கண்ணாடி முன் இருந்தேன். முகத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், விக்கைச் சீவிப் பொருத்த முப்பத்தைந்து, ஒட்டு நகம் இருபது, உடுப்பும் பூட்ஸும் பதினைந்து. ஒன்பது மணிக்கு வாசலில் நின்றேன். புலித்தோல் அச்சுப் போட்ட ஜாக்கெட், பன்னிரண்டு சென்ரிமீற்றர் பூட்ஸ். கதவைப் பூட்டி, பூட்டியதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

முதல் இடறல் பஸ்ஸிலேயே. ஒட்டு நகத்தோடு பயண அட்டையைப் பையிலிருந்து கிள்ளி எடுக்க முடியாது. எடுத்தது கீழே விழுந்தது. குனிந்தால் பாவாடை ஏறும், நகத்தால் தட்டையான பொருளைத் தூக்கவும் முடியாது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எடுத்துத் தந்தார்.

"நாடகமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய் இருந்தார். மாசியிலிருந்து ஹென்டர்சன் ஆறேழு கிலோமீற்றர், இருபது நிமிடம். அங்கே ரயில் மாறினால் ஏவன்டேலுக்குப் பதினைந்து நிமிடம். பஸ்ஸும் ரயிலும் ஒரே பயணமாகக் கழியும், ஐந்து டொலருக்குள் வரும். ரயிலில் ஒரு சின்னப் பெண் என் பூட்ஸை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் போனில் இருந்தார்கள். இதற்கா இரண்டு வருடம் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு ஏவன்டேல். ஸ்ரேசனிலிருந்து ஞாயிற்றுச் சந்தை நடைதூரம், ஆனால் நிலம் புல்லும் சேறும், அந்தப் பூட்ஸுக்கு ஒத்துவராது. மரக்கறிக் கடையொன்றில் வாசுகி அன்ரி முருங்கையிலைக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றா. அம்மாவின் கோயில் சிநேகிதி, என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனேன். நிமிர்ந்து பார்த்தா, என்னை ஆரோ என்று விட்டுவிட்டு மறுபடியும் முருங்கையிலைக்குக் குனிந்துவிட்டா. அப்பாடா என்றிருந்தது.

ரோஷ்னி சந்தைக்கு அந்தப் பக்கம், முழுக் கோலத்தில், சில்லு வைத்த பையில் மரவள்ளிக் கிழங்கு இழுத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குக் கறி வாங்குவது ஞாயிற்றுக்கிழமை அவளின் பொறுப்பு. என்னைக் கண்டதும் சிரித்தாள், பிறகு கிட்ட வந்து நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உன்ர முகம் சாம்பல் நிறமா இருக்கு. கழுத்து வேற ஆளின்ர கழுத்து."

போன் கமராவைத் திறந்து காட்டினாள். உண்மைதான். இரண்டு வருடமும் டொய்லெட்டின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்த முகத்தை அன்றுதான் பகலில் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது.

இது எங்கள் ஆட்கள் மட்டும் விடும் பிழை. பவுண்டேஷன் வாங்கப் போனால் கை தானாக இரண்டு நிறம் வெளுப்பானதில் போய் நிற்கும். நான் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கும் மச்சாளின் கலியாணத்துக்கும் வந்த மேக்கப்காரி அப்படித்தான் பூசினா. அதுதான் எனக்கு மேக்கப் என்று பதிந்துவிட்டது. வெயிலில் கிடந்து தோலைக் கறுப்பாக்கிய பெட்டைகளின் அலங்காரத்தை, நான் வெள்ளைக்குப் பூசிக்கொண்டு செய்திருக்கிறேன். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

"மற்ற ஆக்கள் காசு குடுத்து எடுக்கிற நிறம் உனக்குச் சும்மா கிடைச்சிருக்கு. பிறகென்ன?" என்றாள் ரோஷ்னி. அவளும் நானும் ஒரே நிறம். அவளின் காரில் முன் இருக்கையில் இருந்து, கன்னம், நெற்றி எல்லாம் துடைத்து, அவளின் பவுண்டேஷனைப் போட்டோம். கண்ணில் கை வைக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். கண்ணாடியில் பார்த்தால், முதல்முறையாக, அந்த இமைக்கும் விக்குக்கும் நடுவில் நான் இருந்தேன். எனக்குப் பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

நகரத்தில் கார் நிறுத்தக் காசு கூட, ஆகவே காரை அங்கேயே விட்டு இருவரும் ரயிலுக்கு நடந்தோம். மேடையில் வாசுகி அன்ரி இரண்டு பைகளோடு நின்றா. இந்தமுறை ஒரு பார்வைதான்.

"பிள்ளை, நீ சிவமலரின்ர மகளெல்லோ?"

தப்ப வழி இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் மாதிரி ஆங்கிலத்தில் "சொறி?" என்று விழித்திருந்தால் அன்ரி விட்டிருப்பா. ரோஷ்னிக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. வாயைத் திறக்கும்வரை எந்த மொழி வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"ஓம் அன்ரி" என்றேன்.

அன்ரி விக்கிலிருந்து பூட்ஸ்வரை ஒருதரம் பார்த்தா. "வேலைக்கோ இப்பிடி?"

"இல்லை அன்ரி. விருப்பத்துக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை."

"ம்." பைகளைத் தூக்கிக்கொண்டா. "பாத்துப் போ பிள்ளை. சப்பாத்து உயரமாக் கிடக்கு."

அவ மேடையின் மறுகோடிக்கு நடந்தா. திரும்பிப் போய்விடுகிறேன் என்று ரோஷ்னியிடம் சொன்னேன். ரயில் வந்ததும் அவள் ஏறி, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்தாள். கதவு மூடப் போகிற நேரத்தில் நான் ஏறினேன்.

நகரத்துக்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூட. பன்னிரண்டு பத்துக்கு, அதாவது அம்மாவின் சாப்பாட்டு நேரத்தில், போன் அடித்தது. அம்மா. எடுக்கவில்லை. நகம் காரணம் இல்லை, பயம்தான்.

மற்ற மூவரும் குயின் வீதிக்குப் பக்கத்தில் நின்றார்கள். படம் எடுக்கும் கூண்டுக்குள் ஐவரும் நெருக்கிக்கொண்டு போனோம், தலைக்கு நாலு டொலர். ஒரு எச்சரிக்கை: அந்த இயந்திரங்கள் கண்ணைப் பெரிதாக்கும், கூடவே தோலையும் தானே வெளுக்கும். வந்த படத்தில் ஐந்து பேரும் இட்லி மாதிரி ஒரே வெள்ளை. ஆகவே வெளியே வீதியில் வைத்து ஒரு வழிப்போக்கரிடம் போனைக் கொடுத்து இன்னொன்று எடுத்தோம். காற்று விக்கைத் தூக்கியது, இரண்டு தரம் தூறியது. இடது இமை ஓரம் கிளம்பியதைப் பசை போட்டு ஒட்டினேன்.

"பொம்மை ஒட்டவா?" என்று கேட்டாள் ரோஷ்னி.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லுறன்" என்றேன். அவளின் முகம் கொஞ்சம் வாடியது.

திரும்பும் வழியில் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு அறுநூறு மீற்றர் நடை. அதற்குள் குதிகால் இரண்டும் பொக்களித்துவிட்டது. ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். அம்மா குசினி மேசையில் இருந்தா. என்னைப் பார்த்தா.

"வாசுகி போன் எடுத்தவ" என்றா.

"தெரியும்."

"நீ நல்லாக் கறுத்துப் போனியாம். வெயிலுக்கை திரியிறாளோ, ஏதும் வருத்தமோ எண்டு கேட்டவ."

பொன்னிற விக், புலித்தோல் ஜாக்கெட், ஒரு விரற்கடை இமை. இவ்வளவும் கிடக்க அன்ரி அம்மாவிடம் சொன்னது அதைத்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அவள் பிறந்ததே இந்த நிறத்திலதான் எண்டு சொன்னன். வேறென்னத்தைச் சொல்ல?" பிறகு, "அந்தத் தலைமயிர் எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை. அதையும் சொல்லிப்போட்டன்."

இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வருடக் கதையையும். அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல. "ரெண்டு வருசமா டொய்லெட்டிலயோ நிண்டு உடுப்பு மாத்தினனி? எனக்குச் சொல்லாமல்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா.

இமையை இழுத்துக் கழற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டா. இல்லத்தில் வயதானவர்களின் தோலிலிருந்து பிளாஸ்ரர் கழற்றுவது அவவின் தினசரி வேலை. பஞ்சில் எண்ணெய் தொட்டு, கண் ஓரத்தில் வைத்து, ஊறவிட்டு, ஒரு மயிரும் போகாமல் எடுத்தா. நாலு துண்டுகளையும் கடுதாசியில் வரிசையாக வைத்து, "இதைத் திருப்பிப் பாவிக்கலாமோ?" என்று கேட்டா. பாவிக்கலாம் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு. பயண அட்டையைக் கழுத்துப் பட்டியில் மாட்டுங்கள். மழைக்குக் குடை வேண்டாம், இந்த ஊர்க் காற்றில் அது உதவாது, விக்குக்கு மேல் தளர்வாகப் போடும் தொப்பி வைத்த மழைக்கோட் எடுங்கள். பையில் பசை, பிளாஸ்ரர், தட்டைச் செருப்பு. சந்தைக்குப் பூட்ஸோடு போகாதீர்கள். பவுண்டேஷனை மணிக்கட்டில் பார்க்காமல் கழுத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடைக்காரப் பிள்ளை வெளிர் நிறத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காசைவிட நேரம்தான் பெரிய செலவு: மூன்று மணி நேரப் படப்பிடிப்புக்கு எனக்குப் பதினொரு மணி நேரம் போனது. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதில் நான் புத்தி சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் அவர்கள் வேறு ஆரிடமாவது கேள்விப்படுவதற்கு முன் சொன்னால் நல்லது. நான் அதைச் செய்யவில்லை. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறா.

அன்று இரவு ஒன்பது மணிக்கு, முகம் கழுவிய பிறகு, ரோஷ்னிக்கு எழுதினேன்: அப்படியே போடு. படம் இப்போதும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து முகம். இடமிருந்து மூன்றாவது நான்.