பாதியில் முடிந்த பிரசவ லீவு

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாறு கடலோரக் குப்பத்தை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக மூன்று மாதம் நான். மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"லீவ கேன்சல் பண்ணிட்டேன் டீச்சர்" என்று அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டருக்குக் கை நீட்டினார்.

வேலை போகிறதே என்ற ஆத்திரத்தில் நான் ரெஜிஸ்டரை விடவில்லை. "பச்சக் குழந்தைய விட்டுட்டு ஓடி வர அப்படி என்ன அவசரம்?" என்றேன்.

"குழந்தை தங்கல டீச்சர்" என்றார் மெதுவாக. "வீட்டுல உக்கார முடியல. என்னால உங்க வேலை போச்சு, மன்னிச்சுக்குங்க."

என் பிடி தானாகத் தளர்ந்தது. அதற்குள் பிள்ளைகள் அவரைப் பார்த்துவிட்டார்கள். "டீச்சர், இன்னா கொயந்த டீச்சர்? பையனா, பொண்ணா?" என்று ஒரே கூச்சல்.

"பொண்ணு" என்றார். ரெஜிஸ்டரைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

பிறகு எனக்கு நிரந்தர வேலை கிடைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். லீவு முடியுமுன் திரும்பி வந்த யாரிடமும் நான் காரணம் கேட்டதில்லை. ஆனால் அன்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.