ஈய அறையின் சிவப்புப் பொத்தான்

என் நாத்தனாருக்குக் கதை கட்டத் தெரியாது. காந்தப் பொருள்களை ஆராய்கிறவள். பேய் என்றாலே வாய்விட்டுச் சிரித்தவள். அவளுக்கு நடந்தது இது. நடுநிசியில்கூட இல்லை, பட்டப்பகலில்.

எக்ஸ் கதிர் ஒரு படிகத்தில் பட்டுச் சிதறும்போது கொஞ்சம் ஆற்றலை இழக்கும். அந்த இழப்பை அளந்தால், உள்ளே காந்தம் எப்படி அலைபாய்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கதிரைத் தரும் பெரிய ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்தது நான்கே நாள். கூட வந்தவர் அவள் வேலைபார்க்கும் ஆய்வகத்துச் சீனியர். இருவருக்கும் ஆகவே ஆகாது. படிகத்தை வளர்த்தது அவள். கட்டுரையில் முதல் பெயர் தனக்கு வேண்டும் என்று நின்றார் அவர். மூன்றாம் நாளே முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோனது.

நாலாம் நாள், மதியம் 2:17. திரையில் கோடு தப்பான பக்கம் ஏறியது. போன கதிர், கொண்டுபோனதைவிட அதிக ஆற்றலோடு திரும்பிக்கொண்டிருந்தது. பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிரவைத்திருந்த படிகத்திடம் கொடுக்க எதுவும் இருக்காது. யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்...

"எதையாவது நோண்டினியா?" சீனியர் எரிந்துவிழுந்தார்.

"நான் தொடவே இல்ல."

2:38. கதிர் பட்டென்று நின்றது. படிகம் இருக்கும் ஈயச்சுவர் அறைக்குள், யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை யாரோ அழுத்தியிருப்பதாகத் திரை சொன்னது.

அறை பூட்டியிருந்தது. காலையில் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு அவளேதான் பூட்டினாள்.

"ஒழுங்கா பாத்திருந்தா இப்படி ஆகுமா? போய்ப் பாரு."

2:41. சாவி போட்டுத் திறந்து உள்ளே போனாள். யாரும் இல்லை. பொத்தான் மட்டும் அமுங்கியே இருந்தது. வெளியே இழுத்துவிட்டாள்.

பின்னால்... க்ர்ர்ர்...

கதவு மூடிக்கொண்டது.

அபாயச் சங்கு அலறியது. இருபது விநாடியில் கதிர் வந்துவிடும். கத்தினாள். ஈயச்சுவர் விழுங்கியது. பொத்தானை அழுத்தினாள்.

அமுங்கவில்லை.

சுவருக்குள்ளிருந்து ஏதோ திருப்பித் தள்ளியது. அவள் எவ்வளவு அழுத்தினாளோ, அதே அளவு.

பதினைந்து... பதினாறு...

இரண்டு கையாலும். உடம்பு மொத்தமும் சாய்த்து.

பதினெட்டு...

டக்.

சங்கு அடங்கியது. 2:43. பூட்டு விடுபட்ட கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தவள் நேரே சீனியரின் சட்டையைப் பிடித்தாள்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நீ... வெளிய வந்துட்டியே. என்னைத் தாண்டித்தான போன? அப்புறம்தான் மூடினேன்!"

"பொய்!"

விடவில்லை அவள். அவர் வேலையே போகும்படி புகார் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பாதுகாப்பு அதிகாரி இருவரையும் உட்காரவைத்துக் கேமரா பதிவைப் போட்டார்.

2:41. அவள் உள்ளே போகிறாள்.

2:42. வெளியே வருகிறாள். அதே சட்டை, அதே நடை. சீனியரைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போகிறாள். கதவு மூடுகிறது.

2:43. மறுபடியும் அவள் வெளியே வருகிறாள்.

அதிகாரி பதிவை நிறுத்தினார். வாசல் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமா சார், நேத்து 2:50க்கு இந்தம்மா வெளிய போனாங்க. இவ்ளோ சீக்கிரமா எங்கம்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்குன்னாங்க."