அக்காவும் உலையில் சேராத அரிசியும்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனையில் கொடுக்கும் இந்த மலரில் யார் எழுதுவது என்று குடும்பத்தில் பேச்சு வந்தபோது, தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நீதானே, நீயே எழுது என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். அக்காவைப் புகழ்ந்து எழுதுவது எளிது. வாங்கிப் படிக்கப்போகும் உறவினர்களும் சபையாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவர் வாழ்ந்த கடைசிக் காலத்தை விட்டுவிட்டு எழுதினால் அது அக்காவின் வாழ்க்கை ஆகாது. சேர்த்து எழுதினால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆண்டிமடத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டு ஓரத்தில் இருந்த சபைப் பள்ளிக்கூட வீட்டில். அப்பா அங்கே ஆசிரியர். பிள்ளைகளில் அக்காதான் மூத்தவர். நானும் தங்கையும் அவருக்கு வெகு பின்னால் வந்தவர்கள். அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த ஆண்டே அப்பா காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அக்கா பயிற்சியை விட்டுவிட்டு வந்தார். அம்மாவோடு சேர்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தார். கொட்டையின் பால் பட்டுக் கைத்தோல் உரிந்து கறுத்துவிடும். அந்தக் கையோடுதான் எனக்கும் தங்கைக்கும் சிலேட்டில் எழுத்துப் பழக்கினார். தங்கையின் கல்யாணம் முடிந்து, எனக்கும் பெரம்பலூரில் வேலை கிடைத்த பிறகே தன்னைப் பற்றி யோசித்தார். அதற்குள் அவரைப் பெண் கேட்டு வருகிற வயது போய்விட்டிருந்தது. வேதாகம ஊழியப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது ஊரெல்லாம் அவரை பைபிளம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது.

பாடாலூர் பக்கம் சில ஆண்டுகள், பிறகு அரியலூர் பக்கம் சில ஆண்டுகள் என்று ஊழியம் செய்தார். கடைசியாக அவரை அனுப்பிய இடம் எறையூர்ப் பக்கம், கரும்பு வெட்டும் குடும்பங்கள் இருக்கிற ஒரு தெரு. அப்போது அவர் என் வீட்டில் தங்கியிருந்தார். சாயங்கால பஸ்ஸில் போவார், கடைசி பஸ்ஸில் வருவார். வெட்டுக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, அடுப்பு மூட்டுகிற நேரம்தான் அங்கே பேச ஆள் கிடைக்கும். முதல் சில மாதங்கள் பைபிளைப் பையிலிருந்து வெளியிலேயே எடுக்கவில்லை என்று சொல்வார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கரும்புச் சோகை கிழித்த கைகால்களுக்கு மருந்து போட்டார். பிரசவத்துக்குப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தெருவில் புஷ்பம் என்று ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வெட்டில் ஆண்களுக்குச் சமமாக நிற்பவர். பேச்சிலும் அப்படித்தான். அக்கா முதன்முதலாக அந்தத் தெருவில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது, "பைபிளம்மா, ஒங்க சாமிக்கு காது நல்லாத்தான் கேக்குமா? இம்மாம் மெதுவா பாடுறீங்களே" என்று கேட்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பின்னாளில் அங்கே ஓலைக்கொட்டகை போட்டு ஜெபக்கூட்டம் நடந்தபோது பாட்டை எடுத்துக் கொடுத்ததும் புஷ்பம்தான். அந்தத் தெருக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஞானஸ்நானம் பெற்றன.

அந்தச் சமயத்தில்தான் நம் பேராயரின் திருமண்டலம் ஓர் ஆண்டை வளர்ச்சி ஆண்டு என்று அறிவித்தது. ஒவ்வொரு சேகரமும், அதாவது ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகள் சேர்ந்து, புதிய சபைகளைத் தொடங்க வேண்டும், இருக்கிற சபைகளில் ஆட்களைக் கூட்ட வேண்டும், ஆண்டு முடிவில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நம் சேகரத்தின் ஆண்டறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சேகரத்தில் புதிதாகச் சொல்லிக்கொள்ள இருந்தது எறையூர்க் கொட்டகைச் சபை ஒன்றுதான். ஆயர் அதைப் பெருமையாகச் சொன்னார். கமிட்டியார் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தச் சபையாரைப் பெரம்பலூருக்கு அழைத்தோம். நம் பண்டிகையில் ஆராதனைக்குப் பிறகு அசன விருந்து உண்டு. வெளியார் இந்த மலரைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு சபையும் தங்களால் முடிந்த அரிசியைக் கொண்டுவந்து கொடுக்கும். எல்லா அரிசியும் ஒரே உலையில் விழும். யார் அரிசி எது என்று பிறகு பிரிக்க முடியாது. அதைத்தான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். நம் முன்னோர் நமக்கு விட்டுப்போன நல்ல வழக்கங்களில் இது ஒன்று.

எறையூர்ச் சபையார் வேன் பிடித்து வந்தார்கள். ஒரு மூட்டை அரிசியை புஷ்பம் தலையில் சுமந்து கொண்டுவந்து சமையல் பந்தலில் இறக்கினார். அக்கா அன்று கோயிலுக்குள் பாடகர் குழுவோடு இருந்தார். அசனக் கமிட்டிக்குத் தலைவர் எங்கள் பெரியண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன். ஆராதனை முடிந்தது, புதிய சபையாரை மேடையேற்றிக் கைதட்டினோம், பந்தி பந்தியாகச் சாப்பிட்டோம். எறையூர்க்காரர்களும் சாப்பிட்டார்கள். நல்ல சாப்பாடு என்று சொன்னார்கள்.

வேன் கிளம்பும் நேரத்தில் புஷ்பம் சமையல் பந்தலுக்கு வந்தார். அக்கா அங்கே பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். நானும் பெரியண்ணனும் பக்கத்தில் நின்றோம். சாக்கு காலியாக இருந்தால் வேண்டும், கொட்டகையில் பிள்ளைகள் உட்கார விரிக்கலாம் என்று கேட்டார் புஷ்பம். யாரும் பதில் சொல்வதற்குள் அவரே பார்த்துவிட்டார். விறகுக் குவியலுக்குப் பின்னால் அந்த மூட்டை, கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

"மிஞ்சிப் போச்சாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் தரையைப் பார்த்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மிஞ்சிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புஷ்பம் சந்தோஷமாகவே வேன் ஏறியிருப்பார். சபை அப்படியே இருந்திருக்கும். எங்கள் வளர்ச்சியும் இருந்திருக்கும். நான் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"மிஞ்சல புஷ்பம்," என்றார் அக்கா. "உலையிலயே போடல."

பெரியண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. ரேஷன் அரிசி கலந்தா சோத்துப் பதம் கெட்டுடும்னு மாஸ்டர் சொன்னாரு. அதான் தனியா வச்சோம்."

புஷ்பம் குனிந்து மூட்டையின் கட்டை அவிழ்த்தார். ஒரு கை அரிசி எடுத்து பெரியண்ணன் முன்னால் நீட்டினார். "பொன்னிங்க. கடையில வாங்குனது. எங்க வூட்ல நாங்க இத ஆக்கறதில்ல."

 சமையல் மாஸ்டர் தான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். சாதி என்ற சொல்லை அன்று காலையிலிருந்து யாரும் உச்சரிக்கவில்லை. பதம் என்றுதான் சொன்னோம். பிரித்துக்கூடப் பார்க்காத மூட்டைக்குப் பதம் சொன்னோம்.

இப்பவே அடுப்பு மூட்டுங்க, இந்த அரிசியை வடிப்போம், எல்லாரும் மறுபடி உட்காருவோம் என்றார் அக்கா. கமிட்டியார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது, இனி இடமில்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. புஷ்பம் கையிலிருந்த அரிசியை ஒரு மணி சிந்தாமல் மூட்டைக்குள் போட்டுக் கட்டி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வேனுக்குப் போனார். சோறு போட வந்தவர்களைச் சோறு வாங்கித் தின்றவர்களாக்கி அனுப்பிவைத்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நானும் அந்தப் பந்தியில உக்காந்து சாப்புட்டேனே தம்பி. எப்படிறா எறங்குச்சு எனக்கு?" மூட்டையைப் பற்றி எதுவும் அறியாமல் சாப்பிட்ட அக்காவுக்கு அந்தக் கேள்வி வந்தது. காலையில் அந்தப் பந்தலுக்குள் இரண்டு தடவை போய் வந்த எனக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் கொட்டகை கூடவில்லை. அக்கா வழக்கம்போல் போனார். கொட்டகையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் யாரும் அவரை முகம் சுளித்துப் பேசவில்லை. தின்பண்டம் வாங்கிப் போனால் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெரியவர்கள் வாங்கம்மா, போயிட்டு வாங்கம்மா என்பதோடு சரி. கடைசி பஸ் வரும்வரை அவர் தனியாகப் பாடுவார் என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஆண்டு முடிவில் திருமண்டலப் பேரவை கூடியது. நம் சேகரத்தின் அறிக்கையை நான் வாசித்தேன். எறையூர்ப் பக்கம் புதிய சபை என்ற வரி அதில் இருந்தது. எடுத்துவிடலாமா என்று கமிட்டியில் பேசினோம். தொடங்கியது உண்மைதானே, இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். கைதட்டல் கிடைத்தது. அக்கா பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கொறஞ்சத எழுத ஒரு வருஷம் வைப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆண்டு உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

அதன் பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருச்சியில் பார்த்தோம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். என் மனைவி தன்னால் முடிந்த மட்டும் பார்த்தார். ஆளைத் தூக்கி உட்காரவைக்கவும் குளிப்பாட்டவும் ஒருவர் போதவில்லை. எப்படித் தகவல் போனதோ, ஒரு நாள் காலையில் புஷ்பம் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அக்காவின் கட்டிலுக்குப் போனார். "என்னாம்மா, கரும்பு மாரி இருந்த ஆளு சக்கை மாரி ஆயிட்டீங்க" என்றார். அக்கா அன்றைக்குச் சிரித்ததைப் போல அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

தினமும் வந்தார். வெட்டு இருக்கிற நாளில் வெட்டு முடிந்து வந்தார். குளிப்பாட்டினார், படுக்கைப் புண்ணைத் துடைத்தார், துணி அலசினார். எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்துவிடுவார். சாப்பிட்டுட்டு வந்துட்டேங்க என்பார். ஒரு நாள் என் மனைவி தட்டைப் போட்டு, கையைப் பிடித்து உட்காரச் சொல்லிக் கண்கலங்கிவிட்டார். புஷ்பம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஒங்க மேல கோவம் இல்லீங்க. ஒரு தடவ ஒங்க சோத்த வாங்கித் தின்னாச்சு. அது போதுங்க" என்றார். கட்டிலிலிருந்து அக்கா, "அவள விடும்மா" என்றார்.

அக்காவின் கை புஷ்பத்தின் கைக்குள் இருந்தபோதுதான் உயிர் பிரிந்தது. அடக்கத்துக்கு அந்தத் தெருவே வந்தது. புஷ்பம் பாட்டை எடுத்துக் கொடுக்க அவர்கள் எல்லாரும் பாடினார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

அக்காவைப் பார்த்த மருத்துவருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், நோயிலும் அடக்கத்திலும் துணை நின்ற ஆயருக்கும் சபையாருக்கும், சென்னையிலிருந்து வந்து தங்கிய தங்கை குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியண்ணனிடம் படித்துக் காட்டினேன். "போடு. எம் பேரையும் போடறதுன்னா போட்டுக்க" என்றார். பேரைப் போடவில்லை, ஏனென்றால் ஒருவர் பேரோடு முடிகிற காரியம் இல்லை இது.

சென்ற வாரம் அவரும் நானும் எறையூர் போய் புஷ்பத்தையும் தெருவாரையும் நினைவு ஆராதனைக்கு அழைத்தோம். புஷ்பம் எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். குடித்தோம். ஆராதனைக்கு வருவதாகச் சொன்னார். "சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார். 

ஆகவே உறவினர்களுக்கும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆராதனை முடிந்து பந்தி தொடங்கும்போது எறையூர்க்காரர்கள் எழுந்து பஸ்ஸுக்குப் போனால், சாப்பிட்டுப் போங்கள் என்று யாரும் வழிமறிக்க வேண்டாம். வழிவிட்டு நில்லுங்கள். அவர்களை உட்காரச் சொல்லும் அருகதை நமக்கு இன்னும் வரவில்லை.