மைக்குக்கு முத்தம் கொடுத்த சூசை அண்ணன்

"சூசை அண்ணன் போயிட்டாருடா" என்றான் அருள், சைக்கிளை விட்டு இறங்காமலே. "டேய், ஊரை ஏமாத்துறது என் வேலை. நீ பண்ணாத" என்றேன். அவன் சிரிக்கவில்லை. மாரடைப்பாம். பாங்கோஸ் மேளம் அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அண்ணனுக்கு வாரம் ஆறு நாள் ஆலத்தியூர்ப் பக்கம் எலக்ட்ரீஷியன் வேலை. ஏழாம் நாள் நம் வரதராஜன்பேட்டை இசைக்குழு. ஆண்டவரே ஓய்வெடுத்த நாளிலும் அவர் எடுக்கவில்லை.

அவர் வருமுன் நம் நிலைமை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட டீச்சர் மேரி அக்கா கிடார் வாசித்துக்கொண்டே பாடுவார். கிடாருக்கு ஒரு ஆம்ப்ளிபயர், மைக்குக்கு வேறொன்று. இரண்டுக்கும் எர்த் கிடையாது. கை கிடார் கம்பியில், உதடு மைக்கில் என்றால் நடுவில் அக்காதான் வயர். செட்டிகுளம் கச்சேரியில் "ஆத்தாடி!" என்று அவர் போட்ட சத்தம் எந்த ராகத்திலும் அடங்காது. "இன்னொரு தடவ மைக் கடிச்சா பாட்டே வேணாம்" என்றுவிட்டார். அவர் இல்லாவிட்டால் குழு ஏது? மீதிப் பேரெல்லாம் தட்டுகிற ஆட்கள்.

சூசை அண்ணன் வந்தார். மேடைக்குப் பின்னால் ஆளுயர இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரண்டு பெட்டிகளின் எர்த் வயரையும் அதில் முறுக்கினார். நம் சுண்ணாம்பு மண் காய்ந்து கிடந்தால் கரண்டை வாங்காது என்று, சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊற்றினார். "மொதல்ல பூமி குடிக்கட்டும், அப்புறம் நீங்க சோடா குடிங்க." டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கையால் கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு ஒரு முத்தம். "கடிச்சா என்னைக் கடிக்கட்டும். வாங்க டீச்சர்." அதன் பிறகு அந்த முத்தம் விழாமல் அக்கா பாடியதே இல்லை.

பெரம்பலூர்க் கல்யாணத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. நானோ குழாய்க்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை சாத்துகிற மும்முரத்தில் தண்ணீரை மறந்தேன். பெண்ணின் மாமா வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மேடையில் கிடார்ப் பெட்டி 'ம்ம்ம்ம்' என்று முனகியது.

"சாமி என்னங்க கேக்குது?"

நான் ஓடத் தயாரானேன். அண்ணன் முகம் மாறாமல், "அபிஷேகந்தாங்க. பத்துக் குடம்" என்றார்.

ஐந்தாவது குடத்திலேயே முனகல் நின்றது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் என் காதைத் திருகிவிட்டு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

போன ஞாயிறு அவர் நினைவாகப் பாட மேடை போட்டோம். குழாய் இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அக்கா கிடாரோடு நின்றாரே தவிர மைக் பக்கம் வரவில்லை.

"நான் பாத்துத் தரேன்க்கா."

"நீயா? சும்மாவே ஷாக் அடிச்ச மாதிரி துள்ளி விழுவ."

எத்தனை முறை அப்படி நடித்து விழுந்திருக்கிறேன்! இம்முறை விழவில்லை. கம்பியைப் பிடித்தேன், முத்தம் கொடுத்தேன். இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான்.

"கடிக்கலக்கா. பாடுங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு மைக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, பாடினார்.

அண்ணி, அண்ணனுடைய டெஸ்டரை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டைப் பையில் இருக்கிறது. கூடவே அந்த முத்தமும் என்னிடம் வந்துவிட்டது. அக்கா அதை நம்பிவிட்டார். ஊரில் எதை வைத்தும் விளையாடுவேன். இனி அதை வைத்து மட்டும் முடியாது.