இடமிருந்து மூன்றாவது

பாலுர்காட் ஊரில் உதயன் நாடக சங்கம் பெண் வேடத்துக்குப் பெண்களையே மேடையேற்றுவது என்று முடிவுகட்டிய வருஷம் தருலதாவுக்கு வயது பத்தொன்பது. அதுவரை மீசையை மழித்துக்கொண்டு ராணியாக நின்ற குமாஸ்தாக்களைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். சங்கத்தில் இருந்தவர்களோ வக்கீல்களும் வாத்தியார்களும். அவரவர் வீட்டுப் பெண்கள் மேடைக்கு வரமாட்டார்கள். அதனால் ஆத்ரேயி ஆற்றங்கரையின் அகதிக் குடியிருப்பில் ஆள் தேடினார்கள். தேசம் பிரிந்தபோது ஏழு வயதில் தாயோடு எல்லை தாண்டி வந்தவள் தருலதா. எழுதப் படிக்கத் தெரியும், குரல் கணீரென்று இருக்கும். கணவன் பீடி சுற்றப் போய்க்கொண்டிருந்தான். நெஞ்சில் கோளாறு வந்து பாதி நாள் படுக்கையில் கிடந்தான். அவள் ஒப்புக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷம் நடித்தாள். இருபத்தெட்டு வயதிலேயே கிழட்டு ராஜமாதா வேடம் அவளுக்கு நிலைத்துவிட்டது. நாடகம் முடிந்தால் ஆண்களுக்கு முன்வாசலில் மாலை விழும். அவளும் பேலா, சாந்தனா முதலிய மற்றப் பெண்களும் முகப்பூச்சைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியே ரிக்‌ஷா ஏறுவார்கள். அது அவளுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. மேடையில் அவள் வாய் திறந்தால் கூடம் அடங்கிப்போகும். அது போதும் என்றிருந்தாள்.

மகள் சிப்ராவுக்கு ராய்கஞ்சிலிருந்து வரன் வந்தபோதுதான் எல்லாம் மாறியது. சர்க்கார் என்று பெயர்கொண்ட குடும்பம், மரக்கடை வைத்திருந்தார்கள். தரகர் வாசலிலேயே நின்றுகொண்டு சொல்லிவிட்டார்: "அம்மா துணி தைக்கிறாங்கன்னு சொல்லியிருக்கேன். நாடகம் கீடகம்னு யாரும் வாயைத் திறந்துடாதீங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல."

அந்த வருஷத்தோடு தருலதா மேடையை விட்டாள். கணவனும் போய்ச் சேர்ந்தபின், பழைய செய்தித்தாளில் பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள்.

இன்னொரு இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு காலை வேளையில் நிர்மலேந்து வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். சங்கத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர். அவளை அக்கா முறையில் 'தீதி' என்றே கூப்பிடுவார்.

"தீதி, நம்ம ஜில்லாவோட நாடக வரலாற்றைப் புத்தகமா போடுறோம். பழைய விழா மலரெல்லாம் புரட்டிப் பாத்தேன். ஆம்பளைங்க பேரு வண்டி வண்டியா இருக்கு. பொம்பளைங்களுக்கு 'மற்றும் சிலர்'னு ஒரே வரி. எனக்கே வெக்கமா போச்சு."

"இப்ப என்ன, அந்தச் சிலர்ல நான் எத்தனாவதுன்னு கேக்க வந்தியா?"

"சிரிக்காதீங்க. உங்க எல்லார் பேரும் போட்டாகணும். படத்தோட."

அவர் ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். ஒப்பனையோடு ஆறு பேர் நின்றார்கள். இடமிருந்து மூன்றாவதாக, வெள்ளைப் புடவையில், தலையில் நரை பூசிய ராஜமாதா. தருலதா அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். பை ஒட்டிக்கொண்டிருந்ததால் விரலெல்லாம் பசையாக இருந்தது.

அன்று சாயங்காலம்வரை பொரியும் டீயுமாகப் பேசினார்கள். பேலா எந்த நாடகத்தில் என்ன வேடம், சாந்தனாவின் ஊர் எது, செத்துப்போன மீராவின் முழுப்பெயர் என்ன என்று எல்லாம் அவளே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். போகும்போது, "கூடத்துல வெளியீட்டு விழா. முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி" என்றார். ஒரு வாரம் அவள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். சித்தி முறை வைத்துக் கூப்பிடும் எதிர்வீட்டுக்காரிகூட, "என்ன மாசி, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

சந்தோஷத்தைத் தாங்கமுடியாமல் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னதுதான் தப்பாகப் போனது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சிப்ரா வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, உனக்குக் கையெடுத்துக் கும்புடுறேன். வேணாம்."

"என்னடி ஆச்சு?"

"உன் பேத்தி தியாவுக்கு மால்டாவுல சம்பந்தம் பேசிட்டிருக்காங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா காலேஜ் வாத்தியார். இந்தப் புத்தகம் நேரா அவர் மேசைக்குத்தான் போகும். உன் பேரு, படம், பொண்ணை இன்ன ஊர்ல கட்டிக்கொடுத்தாங்கன்னு எல்லாம் போட்டிருப்பாங்க. என் மாமியாருக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்டுல எப்படிம்மா நிப்பேன்? இத்தனை வருஷமா ஒவ்வொரு வார்த்தையும் அளந்து பேசிட்டிருக்கேன்."

"நான் என்ன திருடவா செஞ்சேன், சிப்ரா?"

"நான் அப்படிச் சொன்னேனா? உலகம் சொல்லுமே!" என்று மகள் அழத் தொடங்கினாள். நாற்பது வயதைத் தாண்டியவள், சின்னப்பிள்ளைபோலப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

தருலதா அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாள் நிர்மலேந்து வீட்டுக்குப் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவர் கோபப்பட்டார், கெஞ்சினார், மகளிடம் தாமே பேசுவதாகச் சொன்னார்.

"வேணாம் நிர்மல். அவ வாழ்றவ. நான் முடிச்சவ."

"படத்தை என்ன செய்றது? இந்த ஒரு படம்தான் நல்லா இருக்கு."

"இருக்கட்டும். அந்தக் கிழவியப் பாத்து நான்னு யார் கண்டுபிடிப்பா?"

புத்தகம் வந்தது. விழாவுக்கு அவள் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தடி ஊன்றிக்கொண்டு பேலாதான் வந்தாள். அவளுக்குப் பிள்ளை குட்டி யாருமில்லை. மறைக்கவேண்டிய ஆளும் இல்லை. மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தை விரித்தாள்.

"எனக்குச் சால்வை போத்துனாங்கடி! என் பேரு, சாந்தனா பேரு, செத்த மீரா பேருகூட இருக்கு. உன்னை மட்டும் காணோம். இங்க பாரு, அஞ்சு பேருக்குப் பேரு போட்டுட்டு, இடமிருந்து மூணாவதுக்குப் 'பெயர் தெரியவில்லை'ன்னு போட்டிருக்கான். அந்த நிர்மல் பயலுக்கு மூளை குழம்பிப்போச்சா? வா, போய்க் கேப்போம்!"

தருலதா நடந்ததைச் சொன்னாள். பேலா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "சால்வையை வேணா நீ வெச்சுக்கோ. எனக்கு உறுத்துது" என்றாள். தருலதா வாங்கிக்கொள்ளவில்லை.

குளிர் தொடங்கியதும் தியாவின் கல்யாணம் ராய்கஞ்சில் நடந்தது. மால்டா வீட்டார் எதையும் கேட்கவில்லை. மேளமும் குலவையுமாக வீடு நிறைந்திருந்தது. தருலதா ஒதுங்கிப் பின்கட்டில் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். சிப்ராவின் மாமியார் சுஹாசினி, மூட்டுவலிக் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க எழுந்து ஓடியதும் பாக்கை நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பு. எழுபத்தி ரெண்டுல இங்க ஒரு நாடகப் போட்டி நடந்துச்சு. மகன் செத்துக் கிடக்கான். ராஜமாதா அழவே இல்ல. சுத்திச் சுத்தி வந்து அவன் செருப்பைத் தேடுறா. கூடத்துல பொம்பளைங்க எல்லாரும் விசும்புறோம். அந்தச் செருப்பைத் தேடுறது நாடகப் புத்தகத்துல எழுதியிருந்ததா, நீங்களா செஞ்சதா?"

தருலதாவின் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. அது எழுதியிருந்ததில்லை. எல்லையில் செத்துப்போன அப்பாவைக் கிடத்தியிருந்தபோது அவளுடைய அம்மா அப்படித்தான் தேடினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நானா... நானா செஞ்சது" என்றாள். "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே. நீங்க டீ கொண்டாந்து வெச்சு, 'எடுத்துக்கோங்க'ன்னீங்க பாருங்க, அந்தக் குரலை மறக்க முடியுமா? சிப்ரா தையல், தையல்னு மூச்சுவிடாம சொன்னா. பாவம், கொழந்தை பயப்படுதுன்னு நானும் விட்டுட்டேன். நீங்களே ஒருநாள் சொல்வீங்கன்னு இருந்தேன்."

வாசலில் சங்கு ஊதினார்கள். யாரோ கூப்பிடவும் சுஹாசினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். தருலதா மடித்த வெற்றிலையையே பிரித்துப் பிரித்து மடித்தாள். இதை மகளிடம் சொல்வதா? இத்தனை வருஷம் நீ அளந்த வார்த்தையெல்லாம் வீண் என்று, அவள் மகளைத் தாரைவார்க்கும் நாளில் எப்படிச் சொல்வது? பந்தியில் சிப்ரா ஓடி வந்து, "சாப்டியாம்மா? தயிர் போடச் சொல்லவா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

ஊர் திரும்பியதும் நிர்மலேந்துவைத் தேடிப் போனாள். இப்போது பெயரைப் போடமுடியுமா என்று கேட்டாள். அவர் அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துவந்தார்.

"தீதி, எல்லாம் லைப்ரரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிடுச்சு. மறுபதிப்புக்கு சங்கத்துல யாரும் வாயே திறக்கமாட்டேங்குறாங்க. என்கிட்ட மூணே மூணுதான் மிச்சம்." சற்று யோசித்தவர் பேனாவை எடுத்தார். "இதுலயாவது எழுதிடுறேன்."

படம் அச்சான தாள் வழவழப்பானது. 'பெயர் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதப்போனார். மை பிடிக்காமல் ஓடியது. முதல் எழுத்தே கலைந்து ராஜமாதாவின் பாதத்தில் தீற்றிக்கொண்டது. வாயால் ஊதினார். வேறு பேனா கொண்டுவந்தார். அதுவும் வழுக்கியது.

"காயட்டும் தீதி, கொஞ்சம் காயட்டும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தருலதா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அது காயக் காத்திருந்தாள்.