காற்சட்டையில் ஒரு கொடி

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் தையல்கடை வைத்திருக்கிறேன். கியூபாவுக்காகப் பதக்கங்கள் வென்ற குத்துச்சண்டை வீரன் ஒருவன், காற்சட்டையில் கியூபாக் கொடி தைக்க வந்தான். நாட்டை விட்டு வந்து தொழில்முறைப் போட்டியில் இறங்கியதால் அங்கே அவனைத் துரோகி என்கிறார்களாம்.

“துரோகி எண்டவையின்ர கொடி உனக்கு ஏன் தம்பி?” என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

“அது என்ர கொடியும்தான், அன்ரி,” என்றான்.

முதல் போட்டியிலேயே தோற்றான். கூட்டம் அவனை ஊருக்குப் போகச் சொல்லிக் கத்தியதாம். மறுநாள் வீங்கிய கண்ணோடு அதே காற்சட்டையை நீட்டினான்.

“கொடியை இன்னும் பெரிசாத் தைச்சுத் தாங்கோ.”

தைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: எந்த ஊர்? இத்தனை வருடமும் மெல்பேர்ன் என்று சொல்லியே தப்பித்தவள் நான்.

“மன்னார்,” என்றேன். எங்கே இருக்கிறதென்று அவளே தேடிப் பார்க்கட்டும்.